முன்வரிசை வீரர் அலன் பேஜ்



விளையாட்டைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பந்தைக் கையில் வைத்திருப்பவரைப் பற்றியே பேசுவர். ஓடியவர் யார், எறிந்தவர் யார், எல்லைக்கோட்டைத் தாண்டியவர் யார் என்பனவே மறுநாட் பத்திரிகையில் இடம்பெறும். ஆயின், பந்தைத் தொடுதற்கு வாய்ப்பே அரிதாக, பல்லாண்டு பந்தாட்டம் ஆடுவோரும் உளர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உதைபந்தாட்டத்தில் முன்வரிசையில் நிற்கும் வீரர்கள் அத்தகையோர். அவர்களுள் ஒருவராகிய அலன் பேஜ் என்பவரின் தொழில் வாழ்க்கையைப் பற்றி இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு சிறிது அறிந்துகொள்வோம். உதைபந்தாட்டம் என்று பெயர் வழங்கினும், அதிற் பந்தைக் காலால் உதைப்பது சிற்சில வேளைகளிலேயே நிகழும். நம் நாட்டிற் கண்டியிலும் கொழும்பிலும் பெரிதும் விரும்பி ஆடப்படும் றக்பி ஆட்டத்திலிருந்து கிளைத்த ஆட்டம் அது. ஆடுகளம் 100 யார் நீளமுடையது. பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புக்கள் அளிக்கப்படும். அந்த நான்கு வாய்ப்புக்களுள் 10 யார் தூரமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்புக்கள் உண்டு. முன்னேறாவிடிற் பந்து எதிரணிக்குச் சென்றுவிடும். ஒரு சாண் நிலத்துக்காக இரு படைகள் பொருதுவது போன்ற ஆட்டம் என்று இதனைக் கூறலாம்.

அந்தப் போரின் முன்னணியில் நிற்போரே முன்வரிசை வீரர். தாக்கும் அணியின் முன்வரிசையில் நடுவே ஐவர் நிற்பர். அவர்களுள் மையத்தில் நிற்பவர் பந்தைத் தம் கால்களுக்கிடையாற் பின்னே கொடுப்பார். மற்றையோருடன் சேர்ந்து, வரும் எதிரிகளை மறித்து நிற்பார். முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்கும் உரிமை இந்த ஐவருக்கும் பொதுவாக இல்லை. பிறர் ஓடுவதற்கு வழி திறப்பதும், பந்தை எறியும் தலைமை ஆட்டக்காரரைக் காப்பதுமே அவர்களின் கடமை. காக்கும் அணியின் முன்வரிசையிற் பெரும்பாலும் நால்வர் நிற்பர். அந்த ஐவரின் அரணை உடைத்து உட்புகுந்து, பந்து வைத்திருப்பவரை நிலத்தில் வீழ்த்துவது அவர்கள் வேலை. இவ்விரு வரிசையினரும் ஒரு கை நீளமேயுள்ள இடைவெளியிற் குனிந்து நிற்பர். பந்து அசைந்ததும் மோதுவர். ஓர் ஆட்டத்திற் சராசரி அறுபது எழுபது முறை இந்த மோதல் நிகழும். ஒவ்வொன்றும் சில விநாடிகளே நீடிக்கும். பார்ப்போர் கண்கள் பந்தின் பின்னே சென்றுவிடுவதால், இவர்கள் செய்தது இன்னதென்று பலருக்குத் தெரிவதே இல்லை. காக்கும் வரிசையினர் தலைமை ஆட்டக்காரரை வீழ்த்திய எண்ணிக்கையைக்கூட 1982ஆம் ஆண்டு வரையில் அந்நாட்டுத் தேசியச் சங்கம் முறையான கணக்கிற் சேர்த்துக்கொள்ளவில்லை என்றால், இவர்தம் உழைப்பு எவ்வளவு மறைவானது என்பதை நேயர்கள் உணரலாம்.

அலன் பேஜ் 1945ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 7ஆந் திகதி ஒகையோ மாநிலத்திலுள்ள கான்டன் நகரிற் கறுப்பினக் குடும்பமொன்றிற் பிறந்தார். கான்டன் உருக்குத் தொழிலால் வாழ்ந்த ஊர். படிப்பு முடிந்ததும் ஆலைக்குள் நுழைந்து, ஓய்வு பெறும் வரையில் அங்கேயே உழைப்பதுதான் அவ்வூர் இளைஞர் பலருக்கு விதிக்கப்பட்ட வழியாயிருந்தது. பேஜ் வேறு வழியொன்றை விரும்பினார். கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் வெவ்வேறு பாடசாலைகளிற் பிரித்துவைத்துக் கற்பிப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தபோது அவருக்கு வயது எட்டு. சட்டம் என்பது மனிதரின் வாழ்வை மாற்றவல்லது என்ற எண்ணம் அந்த இளம் பருவத்திலேயே தம் உள்ளத்தில் விழுந்ததாகப் பின்னாளில் அவர் கூறியிருக்கிறார். சட்டத்தரணியாக வேண்டுமென்ற ஆசை முதலில் வந்தது. உதைபந்தாட்டம் பின்னரே வந்தது. இந்த வரிசைமுறையை நாம் கவனித்தல் வேண்டும்.

1963இற் கான்டன் நகரில் உயர்தரப் பாடசாலைக் கல்வியை நிறைவு செய்தார். அக்காலத்தில் அந்நகரில் தொழில்முறை உதைபந்தாட்டத்தின் புகழ் மண்டபம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. ஆட்டத்திற் சிறந்தவர்களின் மார்பளவுச் சிலைகளை வைத்துப் போற்றுவதற்கான மண்டபம் அது. அதன் கட்டட வேலையிற் கூலியாளாகச் சேர்ந்து உழைத்த இளைஞர்களுள் பேஜும் ஒருவர். இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னர் அதே மண்டபத்திலே தம் சிலையும் இடம்பெறும் என்பதை அன்று அவர் எங்ஙனம் அறிந்திருப்பார்!

பின்னர் அவர் நோட்ரடேம் பல்கலைக்கழகம் சென்றார். 1966ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழக அணி தேசிய வாகை சூடியது. பேஜ் அவ்வணியின் காவல் வரிசையில் நின்றார். அடுத்த ஆண்டு அரசியல் விஞ்ஞானத்தைச் சிறப்பாகப் பயின்ற கலைப் பட்டதாரியாக வெளியேறினார். அதே 1967இல் மினசோட்டா வைக்கிங்ஸ் என்னும் தொழில்முறை அணி அவரை முதற் சுற்றிலேயே, பதினைந்தாவது ஆளாகத் தேர்ந்துகொண்டது.

மினசோட்டா, வடக்கே கனடா நாட்டின் எல்லையோரமாக உள்ள குளிர்ந்த மாநிலம். வைக்கிங்ஸ் அணி அக்காலத்தில் திறந்த வெளியரங்கில் ஆடிற்று. அணியின் தலைமைப் பயிற்றுநர் பட் கிராண்ட், உறைபனிக் காலத்திலும் தம் வீரர்களின் இருக்கையருகே கணப்பு வைக்க இடங்கொடாதவர். குளிரை எண்ணுபவன் ஆட்டத்தை எண்ணமாட்டான் என்பது அவர் கருத்து. அந்தப் பனியில் நின்ற நால்வர் வரிசை விரைவில் நாடெங்கும் பேர் பெற்றது. இரு முனைகளிலும் கார்ல் எல்லரும் ஜிம் மார்ஷலும், நடுவே கரி லார்சனும் அலன் பேஜும் நின்றனர். அணியின் உடை ஊதா நிறமாதலால் இரசிகர்கள் இந்நால்வரையும் ஊதா நிறத்து மனிதவுண்ணிகள் என்று வேடிக்கையாக அழைத்தனர்.

பேஜின் உயரம் 6 அடி 4 அங்குலம். எடை ஏறத்தாழ 245 இறாத்தல். நமக்கு இது பேருருவாகத் தோன்றும். ஆனால் அவ்வரிசையில் அவரை எதிர்த்து நின்றோர் பலர் அவரினும் பருத்தவர்கள். ஆகவே அவர் உடற்பாரத்தை நம்பவில்லை, விரைவை நம்பினார். பந்து அசையும் கணத்தை எதிரில் நிற்பவனுக்கு முன்னே உணர்ந்து முதலடியை எடுத்து வைப்பதே அவர் கலை. எதிரி நிமிர்வதற்குள் அவர் அவனைக் கடந்திருப்பார். எதிரணியினர் பந்தை உதைக்க முனையும்போது பாய்ந்து தடுத்தலிலும் அவர் வல்லவர். கோபத்தினாலோ வெறியினாலோ ஆடியவர் அல்லர் அவர். எதிரில் நிற்பவனைப் படித்து, நிதானித்து ஆடியவர்.

1971ஆம் ஆண்டில் நிகழ்ந்ததோ எவரும் எதிர்பாராதது. தேசியச் சங்கத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது, பந்தை எறிபவருக்கும் ஓடுபவருக்குமே வழக்கமாகக் கிடைப்பது. அவ்வாண்டு அது பேஜுக்குக் கிடைத்தது. காக்கும் பக்கத்திலிருந்து அதனைப் பெற்ற முதல்வர் அவரே. அதன்பின் காக்கும் பக்கத்தவர் ஒருவர் அவ்விருதைப் பெறுவதற்குப் பதினைந்து ஆண்டுகள், அதாவது 1986 வரையிற் காத்திருக்க வேண்டியிருந்தது.

எனினும் அணிக்குப் பெருவெற்றி வாய்க்கவில்லை. 1970, 1974, 1975, 1977 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் ஜனவரி மாதத்தில் வைக்கிங்ஸ் அணி நாட்டின் இறுதிப் போட்டிக்குச் சென்றது, நான்கிலும் தோற்றது. நான்கு முறை மலையுச்சியின் விளிம்பு வரை ஏறி இறங்கியவரின் மனநிலை எத்தகையதாயிருக்கும்? ஆனால் பேஜ் அத்தோல்விகளையே தம் வாழ்வின் அளவுகோலாகக் கொள்ளவில்லை. அதற்குக் காரணம், ஆடுகளத்துக்கு வெளியே அவர் மேற்கொண்டிருந்த வேறொரு முயற்சி.

தொழில்முறை ஆட்டம் என்பது இளமையை விற்கும் தொழில். முப்பது வயதிலே முதியவன் என்பர், முப்பத்தைந்தில் மறந்துவிடுவர். இதனைப் பேஜ் நன்கு அறிந்திருந்தார். ஆட்டக்காரர் சங்கத்தில் தம் அணியின் பிரதிநிதியாக நின்றார். 1974இல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தஞ் செய்தபோது அதிற் பங்குகொண்டார். உடலை விலையாக வைப்பவனுக்குத் தன் உழைப்பைப் பற்றிப் பேச உரிமை உண்டு என்பது அவர் கொள்கை. அஃதன்றி, சட்டங் கற்கவும் முற்பட்டார். முதன்முறை ஒரு சட்டக் கல்லூரியிற் சேர்ந்து சில வாரங்களிலேயே விலகிக்கொண்டார். சில ஆண்டுகளின் பின் மீண்டும் முயன்று, மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பகுதியிற் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை பனியிலும் சேற்றிலும் மோதிவிட்டு, திங்கட்கிழமை சட்டப் புத்தகத்தை விரிக்கும் வாழ்வு அது. 1978ஆம் ஆண்டு சட்டப் பட்டம் பெற்றார். அப்போதும் அவர் தொழில்முறை ஆட்டக்காரராகவே இருந்தார் என்பது நினைவிருக்கட்டும்.

அதே 1978, அவருக்கு இழப்பையுங் கொண்டுவந்தது. அவர் மனைவி டயான் புகைக்கும் பழக்கத்தைக் கைவிடும்பொருட்டு ஓட்டப் பயிற்சியைத் தொடங்கியபோது பேஜும் உடன் ஓடத் தொடங்கினார். நாளடைவில் நெடுந்தூர ஓட்டத்தில் ஈடுபாடு மிகுந்தது, உடல் மெலிந்தது. முன்வரிசைக்கு இந்த எடை போதாது என்று பயிற்றுநர் கருதினார். பருவத்தின் இடையிலேயே வைக்கிங்ஸ் அணி அவரை விலக்கியது. சிக்காகோ பெயர்ஸ் அணி, விலக்கப்பட்டவரை ஏற்பதற்குரிய 100 டொலர் கட்டணத்தை மட்டும் செலுத்தி அவரைச் சேர்த்துக்கொண்டது. நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று ஏழாண்டுகளுக்கு முன்னே போற்றப்பட்டவரின் விலை 100 டொலர்! அவர் மனந்தளரவில்லை. மேலும் மூன்று ஆண்டுகளுக்கு மேல், 1981 வரை, சிக்காகோவில் ஆடினார். 1979இல் மரதன் ஓட்டத்தை ஓடி முடித்தார். அந்தச் சங்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போதே மரதன் ஓடி முடித்த முதல் வீரர் அவரே என்பர். பதினைந்து பருவங்களில் 218 ஆட்டங்களை ஒன்றுகூடத் தவறாமல் ஆடிய பின்னரே அவர் ஓய்வு பெற்றார்.

நேயர்களே, இவ்விடத்தில் அந்த ஆட்டத்தின் இருண்ட பக்கத்தையுங் கூறாது விடுதல் முறையன்று. 1975 இறுதிப் போட்டியிற் பேஜின் அணியை வென்ற பிற்ஸ்பேர்க் அணியில் மைக் வெப்ஸ்ரர் என்னும் இளைஞர் தம் முதற் பருவத்தை ஆடிக்கொண்டிருந்தார். தாக்கும் வரிசையின் மையத்தில் நிற்பவர். பதினேழு பருவங்கள் ஆடி, நான்கு முறை வாகை சூடிய அணியில் இருந்தார். ஓய்வுக்குப் பின் அவர் நினைவு தடுமாறியது, உள்ளம் நோயுற்றது, பொருள் கரைந்தது. சில வேளைகளில் தம் வண்டியிலேயே உறங்கினார். 2002இல் தமது ஐம்பதாவது வயதிற் காலமானார். நைஜீரியாவிற் பிறந்த பெனற் ஒமாலு என்னும் மருத்துவர் அவர் மூளையைப் பரிசோதித்து, பன்முறை பட்ட அடிகளால் நேரும் சிதைவு நோயை அதிற் கண்டு, 2005இல் மருத்துவ இதழொன்றில் வெளியிட்டார். நெடுங்காலம் இதனை மறுத்துவந்த தேசியச் சங்கத்தின் சார்பில், ஆட்டத்துக்கும் அந்நோய்க்கும் தொடர்புண்டு என்பதை அதன் அதிகாரி ஒருவர் 2016இலேயே ஒப்புக்கொண்டார். பெரிய மோதல் ஒன்றினால் மட்டும் வருவதன்று இந்நோய். முன்வரிசையில் நாள்தோறும் நிகழும் சிறு மோதல்கள் சேர்ந்தும் இதனை விளைவிக்கும். பார்வையாளர் கண்ணிற் படாத உழைப்பு, பார்வையாளர் கண்ணிற் படாத காயத்தையும் உண்டாக்கியது. ஒருவர் கற்றவராதலால் இந்நோயிலிருந்து தப்பினார், ஒருவர் கல்லாமையால் அகப்பட்டார் என்று நாம் கருதிவிடலாகாது. உடலின் விதி அவ்வாறு எளிதானதன்று. ஆனால் உடலை மட்டும் மூலதனமாகக் கொண்ட வாழ்வு எவ்வளவு நிலையற்றது என்பதை வெப்ஸ்ரரின் கதை உணர்த்துகிறது.

மீண்டும் பேஜிடம் வருவோம். ஆட்டத்தை விட்டபின் அவர் சட்டத்தரணியாகத் தொழில் புரிந்தார். பின்னர் மினசோட்டாவின் சட்டமா அதிபர் திணைக்களத்திற் பணியாற்றினார். அம்மாநிலத்தில் உயர் நீதிமன்ற நீதியரசரும் மக்கள் வாக்கினாலேயே தெரிவுசெய்யப்படுவர். 1992இல் தேர்தலுக்குரிய காலம் வந்தபோது, பதவியிலிருந்த நீதியரசர் ஒருவரின் பதவிக் காலத்தை ஆளுநர் தேர்தலின்றியே நீட்டினார். போட்டியிட விரும்பிய பேஜ் சும்மா இருக்கவில்லை. அந்நீடிப்பு மாநில அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்றத்தின் நீதியரசர்கள் தம்முள் ஒருவரைப் பற்றிய வழக்கைத் தாமே விசாரித்தல் தகாதாகையால், வேறு நீதிபதிகள் அவர்கள் இடத்தில் அமர்ந்து விசாரித்தனர். தீர்ப்பு பேஜுக்குச் சாதகமாயிற்று. தேர்தல் நடந்தது, அவர் வென்றார். 1993 ஜனவரியிற் பதவியேற்றபோது, அந்நீதிமன்றத்தில் அமர்ந்த முதற் கறுப்பின நீதியரசர் என்ற பெருமை அவருக்கு உரியதாயிற்று. அதன்பின் 1998, 2004, 2010 ஆகிய ஆண்டுகளிலும் மக்கள் அவரையே தெரிந்தனர். எழுபது வயதிற் கட்டாயமாக ஓய்வு பெறவேண்டும் என்ற சட்டப்படி 2015இல் ஓய்வு பெற்றார். பதினைந்து ஆண்டுகள் ஆடியவர் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நீதி வழங்கினார். எது அவர் வாழ்வின் பெரும்பகுதி என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் என் உள்ளத்தைக் கவர்ந்தது 1988ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று. அவ்வாண்டு கான்டன் நகரப் புகழ் மண்டபத்திற் பேஜின் பெயர் சேர்க்கப்பட்டது. மண்டபத்தில் இடம்பெறும் ஒவ்வொருவரையும் சபைக்கு அறிமுகஞ் செய்துவைக்க ஒருவரை அவர்களே தெரிந்துகொள்ளலாம். பழைய பயிற்றுநர், உடனாடிய தோழர், அணியின் உரிமையாளர் ஆகியோரைத் தெரிவதே வழக்கம். பேஜ், மினியாபொலிஸ் நகரின் உயர்தரப் பாடசாலை அதிபரான வில்லரீன் பீஸ்லி அம்மையாரைத் தெரிந்தார். அவர் ஆடுகளத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதவர். உதைபந்தாட்டக் கொண்டாட்டத்தின் நடுவே ஒரு பாடசாலை அதிபர் எழுந்து பேசினார். பேஜும் ஆட்டத்தைவிடக் கல்வியைப் பற்றியே மிகுதியும் பேசினார்.

அதற்குக் காரணமும் உண்டு. வைக்கிங்ஸ் அணியில் இருந்த காலத்து நிகழ்ச்சியொன்றைப் பிற்காலத்தில் அவர் மேடைகளில் எடுத்துரைத்திருக்கிறார். முன்வரிசை வீரரின் கூட்டமொன்றில், ஆட்ட முறைகள் எழுதப்பட்ட ஏட்டை ஒவ்வொருவராக உரத்து வாசிக்கும்படி பயிற்றுநர் கேட்டார். சிலர் வாசித்தனர். சிலரோ சொற்களில் இடறினர். வாசிக்க இயலாது தவித்தனர். அவர்கள் எல்லாரும் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கணக்கில் இருந்து வந்தவர்கள்! அவர்களை ஆரம்ப வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரையில் வகுப்பேற்றி அனுப்பியவர்கள் யார்? ஆட்டத்தில் வல்லவன் என்பதற்காக அவர்களின் கல்லாமையைக் காணாததுபோல இருந்துவிட்ட ஆசிரியர்களும் அதிபர்களுமே அன்றோ? அந்தக் கேள்வியே பேஜின் பிற்கால வாழ்வை நடத்திற்று.

1988இலேயே அவரும் மனைவியாரும் பேஜ் கல்வி நிதியத்தை நிறுவினர். உயர்கல்வி கற்க விரும்பும் மினசோட்டா மாணவர்க்கு, சிறப்பாகச் சிறுபான்மை இனத்து மாணவர்க்கு, அது புலமைப்பரிசில் அளித்து வருகிறது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பரிசில் பெறும் மாணவர் தம்மினும் இளைய பிள்ளைகளுக்குக் கல்வியில் வழிகாட்டும் பணியைச் செய்தல் வேண்டும். கொடுத்தது கொடுத்தவரிடமே திரும்பாமல், அடுத்த தலைமுறைக்குச் செல்லும் ஏற்பாடு இது. ஆயிரக்கணக்கான மாணவர் இதனாற் பயன்பெற்றுள்ளனர். 2017இல் மினியாபொலிஸ் நகரிலுள்ள இடைநிலைப் பாடசாலையொன்றுக்கு நீதியரசர் பேஜ் என்ற பெயர் சூட்டப்பட்டது. 2018இற் குடிமக்களுக்குரிய அந்நாட்டின் மிகவுயர்ந்த விருதாகிய சனாதிபதியின் சுதந்திரப் பதக்கமும் அவருக்கு அளிக்கப்பட்டது.

ஆட்டக் காலத்தில் இடம் பெயர்ந்த அவருடைய சுண்டுவிரல் ஒன்று இன்றும் நேராக நில்லாது பக்கவாட்டில் மடிந்து நிற்கிறது. பிள்ளைகள் அதை வியந்து பார்ப்பர். ஆசிரியையான தம் மகளுடன் சேர்ந்து அவ்விரலையே பொருளாகக் கொண்டு சிறுவர் நூலொன்றை அவர் 2013இல் வெளியிட்டார். பாடசாலைகளுக்குச் சென்று பிள்ளைகளுக்கு அதனை வாசித்துக் காட்டினார். ஆட்டம் தந்த காயத்தையும் வாசிப்பின் பக்கம் பிள்ளைகளை அழைக்கும் கருவியாக ஆக்கிக்கொண்டார்.

இனி, இக்கதை நமக்குக் கூறுவது யாது? விளையாட்டு வேண்டா என்பதன்று. முன்வரிசையில் நின்ற பழக்கமே நீதிமன்றத்திலும் அவருக்குத் துணைநின்றிருத்தல் கூடும். புகழை எதிர்பாராது தன் இடத்தை விட்டு நகராமல் நிற்றல், எதிரே நிற்பவனைக் கூர்ந்து அறிதல், தோற்ற மறுநாளும் பயிற்சிக்கு வருதல் ஆகியன எத்தொழிலுக்கும் வேண்டிய பண்புகள். ஆனால் நம் பாடசாலைகளில் நாம் என்ன செய்கிறோம்? விளையாட்டுப் போட்டியிற் கேடயம் வென்று தந்த மாணவன் வகுப்பறையிற் பின்வாங்கில் உறங்கினால் அவனை எழுப்புவதில்லை. பரீட்சையிலே தவறினால், அவன் விளையாட்டுக்காரன் என்று நாமே அவனுக்காகச் சமாதானம் கூறுகிறோம். அது அன்பு போலத் தோன்றும். உண்மையில், அவன் உடல் வலுவுள்ள வரையில் அவனைப் பயன்படுத்திக்கொண்டு, பின்னர் வெறுங்கையனாக வீதிக்கு அனுப்புவதே ஆகும். அவனிடம் வெற்றியைக் கேட்கும் உரிமை பாடசாலைக்கு உண்டாயின், அவனுக்கு வாசிக்கவும் எழுதவும் கணக்கிடவும் கற்பிக்கும் கடமையும் அதே அளவு உண்டு.

பெற்றோர்க்கும் ஒரு சொல். உங்கள் மகன் பந்தோடு ஓடினால் மகிழுங்கள், தடுக்காதீர்கள். ஆனால் அவன் வீட்டுக்கு வந்ததும், இன்று எத்தனை இலக்கு என்று கேட்கும் வாயினாலேயே, இன்று என்ன படித்தாய் என்றும் கேளுங்கள். ஆடுகளத்திலே கைதட்டல் ஓய்ந்தபின் அவன் வாழவேண்டிய ஆண்டுகள் மிகப் பல. அந்த ஆண்டுகளுக்காக அலன் பேஜ் ஆடிக்கொண்டிருக்கும்போதே கற்றார். கற்றதை ஒரு மாநிலத்து மக்களுக்கு நீதியாகவும், இளைய மாணவருக்குக் கல்வியாகவும் வழங்கினார்.